ஒரே ஒரு 'ஏன்னா'

"நீங்கதான் இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்களே சார், உங்களுக்கு எதுக்கு ஆரம்பத் தமிழ் வகுப்பு?"

வைஷாலி சிரித்தபடிதான் கேட்டாள். பல்கலைக்கழக மொழியியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர். இன்று கல்வியாண்டின் முதல் நாள். தேனியிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த நாளாக, முகம் பார்த்துத் தமிழ் பேச ஓர் ஆள் கிடைக்காமல் நாக்கு வறண்டுபோய்க் கிடந்தவளுக்கு இந்தப் பெரியவரைப் பார்த்ததே விருந்தாக இருந்தது.

"எனக்கில்லைம்மா. என் ஆத்துக்காரிக்கு," என்றார் பட்டாபிராமன். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

வைஷாலி எட்டிப் பார்த்தாள். வராந்தா பெஞ்சில் ஓர் அம்மாள். கஞ்சி போட்ட வங்காளப் பருத்திப் புடவை, நெற்றியில் அகலமான சிவப்புப் பொட்டு. வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மாணவியிடம் நிதானமாக வங்காளியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேர் என்ன சார்?"

"கமலா."

"அட, நம்ம ஊர்லயும் கமலா, இவங்க ஊர்லயும் கமலா! தமிழ் கொஞ்சமாவது தெரியுமா?"

"நான் பேசினா சில சமயம் புரியறாப்பல இருக்கும். பதில் மட்டும் பெங்காலியிலதான் வரது."

"சரிதான்! காதல் கல்யாணமா சார்?"

பட்டாபிராமன் முகத்தில் லேசாக வெட்கம் வந்தது. "கல்யாணம் ஆனப்புறம் காதல். அது ஆச்சு, நாப்பது வருஷம்."

"நாப்பது வருஷம் சும்மா இருந்துட்டு இப்பத்தான் ஞானோதயமா? நீங்களே சொல்லிக் கொடுத்திருக்கலாமில்ல?"

"சொல்லிக் குடுத்துப் பார்த்தேன். எனக்கு வாத்தியார் வேலை வரலைம்மா. சட்டுனு கோபம் வந்துடறது. அவ அழறா. அப்புறம் நானும் அழறேன். அதான் இங்கயே அழைச்சுண்டு வந்துட்டேன்."

வைஷாலியின் கேலி கொஞ்சம் அடங்கியது. "அப்ப நீங்களாவது பெங்காலி கத்துக்கலாமே சார்?"

"காய்கறி வாங்கற அளவுக்கு வரும். ஆனா ஆத்துக்காரியோட ஒரு சண்டை போடணும், பழசைச் சொல்லி ரெண்டு பேரும் சிரிக்கணும்னா, காய்கறிக் கடை பெங்காலி போறுமா சொல்லு?"

"இத்தனை நாள் எப்படித்தான் குடித்தனம் பண்ணீங்களோ!"

அவர் பதில் சொல்வதற்குள் வெளியிலிருந்து குரல் வந்தது. "ஷுன்ச்சோ?"

"பார்த்தியா, என்னைத்தான் கூப்பிடறா. 'கேக்கறேளா'ன்னு அர்த்தம். ஆசையாத்தான் கூப்பிடறா, நான் இல்லேங்கலை." குடையின் பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "ஆனா எனக்கு 'ஏன்னா'ன்னு கூப்பிடணும்மா. ஒரே ஒரு தடவை. கோபமாக் கூப்பிட்டாக்கூடப் போறும். அது இல்லாம வீடு வீடாவே இல்லை."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தைக்காக இப்படி ஏங்குகிற மனிதரை வைஷாலி பார்த்ததில்லை. கொடுத்து வைத்த மாமி என்று நினைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானே சார்! பூஜா லீவுக்கு முன்னாடி மாமி வாயால 'ஏன்னா' சொல்ல வைக்கிறது என் பொறுப்பு. இப்பவே முதல் வகுப்பு இருக்கு, கூட்டிட்டு வாங்க."

கமலா வராந்தாவில் மெல்ல நடந்து வந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வயதான காவலாளி எழுந்து நின்று கும்பிட்டார். பெரியவங்களுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று வைஷாலிக்குச் சந்தோஷமாக இருந்தது.

வகுப்பில் வங்காளப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். வைஷாலி பலகையில் பெரிதாக ஓர் 'அ' எழுதிவிட்டுத் திரும்பினால், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கமலா யாரையும் கேட்காமல் நேராக மேடையேறி, ஆசிரியர் நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டு அம்சமாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ மாஷிமா, அது டீச்சர் நாற்காலி! உங்க இடம் அங்க, முதல் பெஞ்ச்!" தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் சொல்லிவிட்டு வைஷாலியும் சேர்ந்து சிரித்தாள்.

கமலா மிரண்டுபோய் வாசலைப் பார்த்தார். "ஷுன்ச்சோ..."

பட்டாபிராமன் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மனைவியின் தோளைப் பிடித்து மெதுவாக எழுப்பி, முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு வைஷாலியிடம் வந்து சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. பக்கவாதம் வந்து தமிழை மட்டும் அவகிட்டேர்ந்து பிடுங்கிண்டு போறவரைக்கும், இருபது வருஷத்துக்கு மேல அவ உக்காந்து தமிழ் சொல்லிக் குடுத்த நாற்காலி அது."