காலி பண்ணியாச்சு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரம். தேவகி போனில் துள்ளிக் குதித்தாள்.

“நெசமாவா? தனிக்குடித்தனம் காலியா? தாய்வீட்லயும் ஒருத்தனும் இல்லியா? அப்பாடா, ஒழிஞ்சானுங்க!”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெர்சி எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள். போன மாதம்தான் மாமியாரிடம் சண்டை போட்டுக்கொண்டு அவளும் தனிக்குடித்தனம் போயிருந்தாள்.

“இன்னாக்கா, கொழுந்தனார் குடும்பத்தைத் தொரத்திட்டீங்களா? ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தா உனக்கு இவ்ளோ சந்தோஷமா?”

தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“கொழுந்தனார் இல்லடி. எங்க வூட்டுக்காரருக்கு பிளட் கேன்சர். யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பொல்லாத செல்லுங்க தாய்வீடான எலும்பு மஜ்ஜையில இருந்தது பத்தாதுன்னு, வெளிய வந்து காதுக்குப் பின்னாடி கட்டியா உக்காந்துடுச்சு. ‘தனிக்குடித்தனம் வந்துட்டாங்கம்மா’ன்னு வேலூர்ல டாக்டரம்மாதான் புரியிற மாதிரி சொன்னாங்க. இப்போ அவருதான் போன் பண்ணாரு, மருந்துல கட்டி கரைஞ்சிடுச்சாம். மஜ்ஜையும் சுத்தமாம்!”

மெர்சி தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து அப்படியே தேவகியின் வாயில் திணித்தாள்.

“இனிமே அந்தப் பக்கம் எவனாவது குடித்தனம் வரட்டும், நானே தொரத்துறேன்க்கா!”