சிவப்பில் நின்ற முள்

கட்டி இழுத்து வந்த காரின் ஆயில் குச்சியை உருவிய மெக்கானிக் முகம் சுளித்தார். ஆயிலில் தண்ணீர் கலந்து நுரைத்திருந்தது.

“ஹெட் கேஸ்கட் போச்சு, தண்ணி இன்ஜினுக்குள்ள இறங்கிடுச்சு. இனி எப்படி ஸ்டார்ட் ஆகும்? சூட்டு முள் சிவப்புல நின்னதைப் பாக்கலையா?”

“பார்த்தேன்” என்றாள் காருக்குச் சொந்தக்காரி.

“பார்த்துமா ஓட்டினீங்க? உங்களுக்கெல்லாம் எதுக்கு வண்டி? வழியில ஒரு ஒர்க்‌ஷாப்ல நிறுத்தக் கூடாதா?”

“நேத்து மத்தியானம் இங்கதான் நிறுத்தினேன். கொஞ்சம் பாருங்கன்னு கெஞ்சினேன். சாப்பாட்டு நேரம், அப்புறம் வான்னீங்க. தலையைக்கூடத் தூக்கல.”

“ஒரு அரை மணி காத்திருந்தா என்ன?”

“பின் சீட்டுல அம்மா மூச்சு விட முடியாம கிடந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல போய்த்தான் வண்டி நின்னுச்சு. அம்மா பிழைச்சுட்டாங்க.”

மெக்கானிக் ஆயில் குச்சியைத் துடைத்துத் திரும்பச் செருகினார். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.