ஆடு வாய் வைக்காத பச்சை

"பெத்த பொண்ணு மூஞ்சில கள்ளிப்பாலைத் தடவறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

குப்பம்மாள் இப்பிடிக் கேக்க, எதிர்க்குடிசை அம்மணி பால் இருந்த கொட்டாங்கச்சியை எடுத்து ஓரமா வெச்சா. அவ பொண்ணு பூவாயி மூலையில உக்காந்து விசும்பிக்கிட்டிருந்தா. கன்னம், கழுத்து, கையெல்லாம் கொப்புளம்.

ஏரிக்கரை ஊரான தோணிரேவுல அந்த வருசமும் மழை இல்ல. ஏரி சுண்டிப்போயி, சேத்துல உப்பு பூத்துக் கெடந்துது. எல்லார் வீட்டு அடுப்புலயும் பூனை தூங்குச்சு. ஊர்ல மிச்சமிருந்த ஒரே பச்சை, வேலியில நின்ன கள்ளிதான். இருந்த இலையை உதிர்த்துட்டு, ஈரத்தையெல்லாம் தண்டுக்குள்ள பதுக்கி வெச்சிக்கிட்டு நின்னுது. பசியில கூரை ஓலையைக் கடிக்கிற ஆடுகூட அதை மோந்து பாத்துட்டுத் திரும்பிடும். அதோட பால் அப்பிடி.

அந்தப் பாலைத்தான் அம்மணி பொண்ணு மேல தடவியிருந்தா. பசியில புத்தி பெரண்டு போச்சுன்னு ஊரே பேசிக்கிச்சு.

பேச மாட்டாங்களா பின்ன? ஒல்லாந்துக்காரங்க கோட்டையில சமையக்கட்டு வேலைக்குப் பொண்ணுங்க வேணுமாம், வயிறாரச் சோறாம். கூட்டிட்டுப் போறவன் மாசிலாமணி, குப்பம்மாளோட பெரியம்மா மகன். பூவாயியை அனுப்பறேன்னு அம்மணி புருசன் தேசப்பனும் வாக்குக் குடுத்திருந்தான். வர்ற சோத்தையும் கெடுத்துக்கிட்டாளே பாவின்னு குப்பம்மாளுக்கு ஆத்தாமை.

அன்னிக்குச் சாயங்காலம் அவ, மறுநாள் கோட்டைக்கு அனுப்பப் போற தன் மூத்தவ பச்சையம்மாளுக்கு மீனெண்ணெய் தடவித் தலைவாரிக்கிட்டிருந்தப்போ, அம்மணி வந்து நின்னா. கையில கொட்டாங்கச்சி நிறையக் கள்ளிப்பால்.

"இவளுக்கும் கொஞ்சம் தடவிடறேன் குப்பு. கண்ணுல படாம பாத்துக்கறேன்."

குப்பம்மாளுக்கு வந்துதே கோவம். உன் பொண்ணுக்குக் கெடைக்காதது என் பொண்ணுக்கும் கெடைக்கக்கூடாதான்னு கேட்டு, கொட்டாங்கச்சியைத் தட்டிவிட்டா.

அம்மணி குனிஞ்சு அதைப் பொறுக்கிக்கிட்டா. "ஆடு எதைத் தின்னாம விட்டுதுன்னு பாரு குப்பு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா.

மறுநாள் காலையில மாசிலாமணி வந்தான். பூவாயியைப் பாத்ததும் பெருவியாதின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்கினான். பச்சையம்மாளோட வாயைத் திறந்து பல்லைப் பாத்தான். கையை அமுக்கிப் பாத்தான். சமையல் வேலைக்குப் பல்லு எதுக்குன்னு குப்பம்மாளுக்குத் தோணுறதுக்குள்ள பொண்ணு தோணியில ஏறிட்டா.

தோணி கோட்டைப் பக்கம் திரும்பலை. நேரா முகத்துவாரத்துக்குப் போச்சு. வெளியே கடல்ல, அடிமைங்களை ஏத்திக்கிட்டுப் போற கப்பல் நின்னுக்கிட்டிருந்துது.

கரையோரமா கத்திக்கிட்டே ஓடின குப்பம்மாள் சேத்துல விழுந்தா. அம்மணிதான் வந்து தூக்கினா. போன வருசம் அவ தங்கச்சியும் இதே சோத்துக்குத்தான் போனாளாம். அப்புறம் ஒரு சேதியும் இல்லையாம்.

"வாயைத் திறந்து சொல்லியிருந்தா உன் அண்ணன் காதுக்குப் போயிருக்கும். எம்பொண்ணையும் அப்பவே தூக்கிட்டுப் போயிருப்பான்"னு அம்மணி அழுதா.

குப்பம்மாள் அழலை. குடிசையில சின்னவ தூங்கிக்கிட்டிருந்தா. அடுத்த கப்பலுக்கு மாசிலாமணி மறுபடி வருவான்.

நேரா வேலிக்குப் போயி ஒரு கள்ளிக்கொம்பை ஒடிச்சுக்கிட்டு வந்து, அம்மணி முன்னால நின்னா.

"கண்ணுல படாம எப்பிடித் தடவறது அக்கா?"