ரெட்டுக்கு ஃபாலோ

கேரம் ஆட்டக்காரர் பெனடிக்டுக்கு நடுக்குவாதம். அவர் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி மூளைக்குள் போனது. பெட்டி ஓயாமல் மின்சாரம் அனுப்பும். கை நடுக்கம் அடங்கும், ஆனால் அந்த ஓயாத மின்சாரத்தாலேயே அவர் பேச்சு குழறும்.

அன்று டாக்டர் பெட்டியில் ஏதோ மாற்றி அமைத்தார். உடனே கம்பி துள்ளியது. "அண்ணே, எனக்குக் காது வந்துடுச்சு! மூளை தாளம் போடுறது கேக்குது!"

"கேட்டு என்ன பண்ண? நான் அனுப்பிக்கிட்டே இருந்தாத்தான் கை நிக்கும்" என்றது பெட்டி.

"தாளம் ஏறினாத்தான் கை நடுங்கும். ஏறினா சொல்றேன், அப்ப அனுப்பு. இறங்கினா சும்மா இரு."

சாயங்காலம் பெனடிக்ட் ஸ்ட்ரைக்கரை வைத்தார். "ஏறுது!" என்றது கம்பி. பெட்டி அனுப்பியது. கை நின்றது. "இறங்கிடுச்சு, நிறுத்து!" பெட்டி மனசில்லாமல் நிறுத்தியது. ரெட் காயின் பாக்கெட்டில் விழுந்தது!

"விழுந்துடுச்சு! இன்னும் கொஞ்சம் அனுப்பட்டுமா?" பெட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணே, ஃபாலோவா இன்னொரு காயின் போட்டாத்தான் ரெட் நமக்கு. பேசாம இரு!"

பெட்டி வாயை மூடிக்கொண்டது. அடுத்த காயினும் விழுந்தது.

"போட்டாச்சுடா!" என்று ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

பெட்டி திடுக்கிட்டது. "யாருடா அது?"

"நம்ம பெனடிக்ட்தான், அண்ணே."