ஐந்தே கால் வெயில்

நாற்பது வருடங்களுக்கு முன் அப்பா இந்த ஊரைச் சுற்றிக் காட்டியபோது எடுத்த மூன்று புகைப்படங்கள் வசுமதியின் கைப்பையில் இருந்தன. வெயில் முதுகில் விழும்படி நின்றுதான் படமெடுக்க வேண்டும் என்று கேமரா விற்ற கடைக்காரர் சொன்னதை அப்பா கடைசிவரை மீறவில்லை. கேமராவை வேறு யார் கையிலும் கொடுத்ததுமில்லை. அதனால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. அவருடைய நிழல்தான் எல்லாப் படங்களிலும் தரையில் நீண்டு கிடந்தது.

அரண்மனை வாசலிலும் அகழிப் பாலத்திலும் அப்பா நின்ற இடத்தைத் தேடி நின்று, மகள் இலக்கியாவைப் படமெடுத்தாயிற்று. மிச்சம் மணிக்கூண்டு. பழைய படத்தில் மணி ஐந்தே கால். அப்பாவின் தலை நிழல் சின்ன வசுமதியின் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போதும் ஐந்தே கால்தான். ஆனால் வசுமதியின் நிழல் இலக்கியாவின் காலுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. அப்பா நல்ல உயரம்.

வசுமதி செல்போனைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வெயில் சரியச் சரிய நிழல் விரல்கடை விரல்கடையாக நீண்டது.

“ரயிலுக்கு நேரமாச்சு வசு, சட்டுனு எடு” என்றார் கணவர்.

“நான் வேணா ஒரு அடி முன்னால வரட்டுமாம்மா?” என்றாள் இலக்கியா.

“நீ அசையாத. அங்கேயே நில்லுடி” என்றாள் வசுமதி. “தாத்தா வந்துக்கிட்டிருக்காரு.”