மூன்றாம் வகுப்பு முத்துப்பேச்சி

“கொழுந்து கிள்ளவே துப்பில்ல, வடம் இழுக்க வந்துட்டா பாரு!”

கயிற்றை விட்டுவிட்டுச் சேற்றில் மல்லாந்து கிடந்த முத்துப்பேச்சியைப் பார்த்து சூப்பர்வைசர் வேல்முருகன் கத்தினார். ஓணத்துக்குப் பூப்பாறையில் பெண்களுக்கான வடம்வலிப் போட்டி. அதற்கு எஸ்டேட் பெண்களைப் பழக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்ட மகான் அவர். கயிறு இழுப்பதில் அவருக்குத் தெரிந்தது விசில் ஊதுவது மட்டும்தான்.

ஆனால் வகுப்பு பிரிப்பதில் கெட்டிக்காரர். தேயிலைக் கொழுந்தை அதிக எடைக்குப் பறிக்கிறவர்கள் முதல் வகுப்பு. அவர்களுக்கு மட்டும் நுணுக்கம் சொல்லித்தருவார். சுமாராகப் பறிக்கிறவர்கள் இரண்டாம் வகுப்பு, குதிகாலை ஊன்றிப் பழகினால் போதும். மூன்றாம் வகுப்பில் முத்துப்பேச்சி ஒருத்திதான். அணிக்கு ஏழு பேர் வேண்டும், வந்ததே ஏழு பேர். இல்லாவிட்டால் அவளை என்றைக்கோ துரத்தியிருப்பார்.

“தெனமும் கொஞ்சந்தான சார் கொறையுது,” என்று முனகியபடி எழுந்தாள்.

“கொறஞ்சது கொறஞ்சதுதான்! இந்த மாசமும் எடை எட்டலன்னா ஒன்னய வேலைய விட்டு அனுப்பச் சொல்லி ஆபீசுல சொல்லிருவேன்.”

அவள் கயிற்றை மறுபடி கையில் எடுத்தாள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள், பாவம்.

ஏழு பேரின் மொத்த எடை நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி. வேல்முருகன் எல்லாரையும் கொழுந்துக் கொட்டகைக்கு ஓட்டிப்போனார். கொழுந்துச் சாக்கை மாட்டி நிறுக்கும் தராசுக் கொக்கியைப் பிடித்து ஒவ்வொருத்தியும் தொங்க, முள்ளைப் பார்த்து எடை சொன்னார்.

முத்துப்பேச்சி இறங்கியதும் கேட்டாள். “போன மாசம் ஆஸ்பத்திரியில இதவிடக் கூட இருந்தேனே சார். எளைச்சிட்டனோ?”

“வேலை செய்யிறவ எளைப்பா. ஒனக்கு என்ன கேடு?”

முதல் வகுப்பு சித்ராதான் அதிகம் சிரித்தாள்.

கூட்டிப் பார்த்தால் வரம்புக்கு வெகு கீழே. வேல்முருகனுக்குத் தலைகால் புரியவில்லை. “நல்லாத் தின்னுங்கட்டி! ஒடம்பு கனத்தாத்தான் கயிறு அசையாது!” என்று கப்பைக் கிழங்கும் முட்டையும் தின்னச் சொல்லி உயிரை எடுத்தார். போட்டிக்கு முந்தின மாலையிலும் தொங்கவிட்டுப் பார்த்தார். வரம்புக்குள் கச்சிதமாக நின்றது.

பூப்பாறை மைதானத்தில் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, கோப்பையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் மாதிரி நடந்தார். போட்டி நடத்தும் கிளப்பின் செயலாளர் ஜினோ ஏழு பேரையும் எடை மிஷினில் ஏற்றி இறக்கினான். உதட்டைப் பிதுக்கினான்.

“வெயிட் கூடுதல் சாரே. களத்துல இறக்க முடியாது.”

“எல்லாம் இந்த மூணாம் வகுப்பால வந்த வென! தின்னே கெடுத்துட்டா!” வேல்முருகன் முத்துப்பேச்சியின் பக்கம் பாய்ந்தார். அவள் தலை குனிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

“அவங்கள மட்டும் சொல்லாதீங்க சாரே. நீங்க எழுதிக் கொடுத்த எடையவிட ஏழு பேருமே கூடுதல்தான்.”

“அப்ப ஒம் மிஷின் திருட்டு மிஷின்!”

“கவர்மென்ட் சீல் வச்ச மிஷின். மத்த டீமுக்கெல்லாம் சரியாத்தானே காட்டுச்சு?”

வேல்முருகனுக்கு நரம்பு புடைத்தது. மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினார். “எனக்கே எடை சொல்லித்தாறியாடே? நேத்து சாயங்காலம் எங்க கொட்டகைத் தராசுல எங் கையால போட்டுப் பாத்தேன். எல்லாருக்கும் கம்மியாத்தான் காட்டுச்சு!”

பின்னால் விசும்பிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். சித்ரா மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். முத்துப்பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“எங்க கொழுந்தையும் அந்தத் தராசுலதான சார் போடுதீக?”