இப்போது இருக்கும் முகவரி

சத்யப்ரியாவின் இடது தோளில் அரக்கு நிறப் புடவை, வலது தோளில் மயில்கழுத்து நிறப் புடவை, மடியில் லேப்டாப்.

மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்து, காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பாய் மேல் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணப் பெண் இல்லாமல் முகூர்த்தப் புடவை எடுக்க முடியுமா?

இந்த ஒரு நாளுக்கு மேனேஜர் ராஜகோபாலிடம் முறையாக லீவு கேட்டுப் பார்த்திருந்தாள். இந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது என்றார். கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நாள் மட்டும்தான் என்றார். தானே வீட்டை விட்டுப் பெங்களூரில் க்ளையன்ட் ஆபீசில் போய் உட்காரப் போவதாகத் தியாகி முகத்தோடு சொன்னார்.

அவளும் சளைக்கவில்லை. குரோம்பேட்டை ரூமிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். மாட்டினால் வேலை போய்விடும். ஆனால் லேப்டாப் இருக்கிறது, கடையில் வைஃபை இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள்.

அங்கேதான் இடித்தது.

கம்பெனியின் தகவல் எல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் க்ளஸ்டர் எங்கோ க்ளவுடில் வாடகைக்கு இருக்கிறது. பாஸ்வேர்டு மட்டும் போதாது. எந்த இணைப்பிலிருந்து வருகிறாய், அதன் ஐபி முகவரி எங்கள் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். அவளுடைய வருங்கால மாமியார்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்தாள். நெடுநேரம் காக்க வைத்துவிட்டு முடியாது என்றது. பட்டனும் படமுமாக இருக்கிற இன்னொரு ஆப்பில் முயன்றாள். அது சுற்றிச் சுற்றி நின்றது. பைத்தானில் நாலு வரி எழுதி ஓட்டினாள். முன் வாசல், பின் வாசல், பக்கத்து வாசல் என்று எதைத் தட்டினாலும் காவலுக்கு நிற்கிறவன் ஒரே ஆள்தானே.

மதியத்துக்குள் க்ளையன்ட்டுக்கு ரிப்போர்ட் போயாக வேண்டும். வேறு வழியில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ராஜகோபாலைக் கூப்பிட்டாள்.

“ஹவுஸ் ஓனர் நெட் கனெக்‌ஷனை மாத்திட்டாரு சார். புது ஐபியைச் சேர்க்கணும்.”

“சரி, நம்பரை அனுப்பு.”

இதற்குத்தான் பயந்தாள். அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் ஊர் காஞ்சிபுரம் என்று கொட்டை எழுத்தில் வருகிறது. நம்பர் காட்டும் பக்கம் திறக்கவில்லை சார் என்று இழுத்தாள்.

“ஏம்மா, பொடவைய பாக்காம பொட்டியயே பாத்துக்கினு இருக்கிற?” என்று மாமியாராகப் போகிற அத்தை லோகாம்பாள் அதட்டினாள். சத்யப்ரியா அவசரமாக முந்தானையால் மைக்கைப் பொத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கடையின் ஒலிபெருக்கி கரகரத்தது. வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை உடனே எடுக்கச் சொல்லி அறிவிப்பு. பாய்ந்து மைக்கை அணைத்தாள். அப்படியும் அதே அறிவிப்பு ஹெட்செட்டுக்குள் கொஞ்சம் பிந்தி இன்னொரு தரம் கேட்டது.

மியூட் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும்.

பிறகு ராஜகோபாலின் குரல் மூச்சு வாங்க வந்தது.

“எனக்கு இங்க மீட்டிங் இருக்கு. ‘இப்போது இருக்கும் முகவரியைச் சேர்’னு ஒரு பட்டன் இருந்துது, போன்லயே அமுக்கிட்டேன். பாரு.”

சத்யப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த பட்டன், அமுக்குகிறவர் இருக்கும் இடத்து முகவரியை அல்லவா சேர்க்கும்? பெங்களூரில் அமுக்கினால் பெங்களூருக்குத்தான் கதவு திறக்கும். நேற்றுச் சேர்ந்த ட்ரெய்னி செய்கிற தப்பு. அதைச் சொன்னாலோ, மறுபடி நம்பரைக் கேட்பார்.

பேருக்கு ஒரு தரம் எண்டரைத் தட்டினாள்.

க்ளஸ்டர் திறந்துகொண்டது.

“வந்துடுச்சு சார்,” என்று சொல்லிப் பேச்சை முடித்து, ரிப்போர்ட்டை அனுப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சேர்த்தது அவர் இருக்கும் இடத்தை. திறந்ததோ அவளுக்கு. இந்தக் கடையில் கீழே பாயில் உட்கார்ந்தவருக்கும் மாடியில் உட்கார்ந்தவருக்கும் ஒரே வைஃபை. வெளியே தெரிகிற முகவரியும் ஒன்றே ஒன்றுதான். ஹெட்செட்டில் பிந்திக் கேட்ட அந்த அறிவிப்பும் அவர் மைக் வழியாகத்தான் வந்திருக்கிறது.

மெல்லத் தலையைத் தூக்கினாள்.

மாடிக் கைப்பிடி ஓரமாக, காதில் ஹெட்செட்டோடு, ஒரு கையால் கார் சாவியை சேல்ஸ்மேனிடமிருந்து திரும்ப வாங்கியபடி நின்றுகொண்டிருந்தார் ராஜகோபால். அவர் தோளில் ஒரு மாம்பழ மஞ்சள் புடவை. எதிரே ஓர் அம்மாள் இரண்டடி தள்ளி நின்று, அவரைத் திரும்பச் சொல்லித் திரும்பச் சொல்லி பார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்யப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. போனை எடுத்து நிதானமாக டைப் செய்தாள்.

“ரிப்போர்ட் அனுப்பிட்டேன் சார். மேடத்துக்கு அந்த மாம்பழக் கலர் வேணாம், அரக்கு எடுக்கச் சொல்லுங்க. அப்புறம், என் கல்யாண லீவு பத்திக் கொஞ்சம் பேசணும்.”

மாடியில் புடவை நழுவி விழுந்தது. கைப்பிடிக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. இரண்டு தோளிலும் புடவையோடு கீழே உட்கார்ந்திருந்தவளைக் கண்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டது.

அவள் மயில்கழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அரக்கையே எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தையிடம் சொல்வதற்குள் பதில் வந்துவிட்டது.

“எத்தனை நாள் வேணும்மா?”